தகரத்துக்குக் கீழே

— ஏணியை விட்டிடாதேங்கோ அத்தான். தலை உள்ளுக்க போட்டுது, இனித் தோள்தான் போகோணும்.

— பிடிச்சுக்கொண்டுதான் நிக்கிறன். என்ன கோதாரி ஓட்டையடி இது, பூனை போறதுக்கு வெட்டின மாதிரி. ஒழுக்கு எங்காலையெண்டு கண்டியோ?

— பொறுங்கோ, பொறுங்கோ. ரோச் லைற்றைத் தாங்கோ.

— இந்தா. கவனம் ஜொய்சி. நீ விழுந்து கிழுந்து போட்டாயெண்டால் கொக்கா என்னைத்தான் தின்னுவாள்.

— அக்கா எங்கை?

— குசினிக்குள்ள. தேத்தண்ணி ஊத்துறாளாம், இடிக்கப்போற வீட்டுக்குள்ள. சரி, உள்ளுக்க என்ன தெரியுது? உக்கி உளுத்துக் கிடக்குதானே? உக்கல் எண்டு எழுதினாச் சரி. இடிக்கிற மெஷின்காரனோடை கதைச்சாச்சு, சிற்றி இடிக்க விடுறதுக்கு எஞ்சினியர் நீ எழுதித் தாற தாள் ஒண்டுதான் குறை.

— அத்தான், இதுக்குள்ள வைக்கல் கிடக்கு.

— எலி கொண்டந்திருக்கும். அல்லாட்டில் குளிருக்கு அடைஞ்சு விட்டிருப்பாங்கள்.

— இல்லை, அடைஞ்சதில்லை. கட்டியிருக்கு. கம்புகளை நிரைக்கு வைச்சு, அதில பிடி பிடியாய் வைக்கலைக் கட்டி, தைச்ச மாதிரிக் கயிறு போகுது. கையை முழங்கை மட்டும் விட்டுப் பாத்தன், மற்றப் பக்கம் வரேல்லை.

— எங்கட கூரை தகரமெல்லே?

— தகரம் அதுக்கும் மேலை கிடக்கு.

— எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு பாப்பம்.

— நீங்கள் வாங்கினது வைக்கலால மேய்ஞ்ச வீடு. ஆரோ பேந்து அதைத் தகரத்தாலை மூடியிருக்கினம்.

— விசர்க்கதை கதையாதை. மொன்றியலில ஆரடி வைக்கலாலை வீடு மேயிறது?

— இறங்கிறன், இறுக்கிப் பிடியுங்கோ. … அப்பாடா. தலையெல்லாம் தூசி. வாங்கோ, வெளியில போய்ப் பாப்பம்.

— இந்தச் சேத்துக்குள்ளையோ?

— வாங்கோ அத்தான். இந்த வீட்டுக்கு நீங்கள் காரில வரேக்கை என்னென்ன குறை சொன்னனீங்கள்? இப்ப சொல்லுங்கோ.

— சொல்லுறன். முதலாவது, தண்ணிப் பீலி இல்லை. பனி கரைஞ்சு நாலு பக்கத்தாலையும் ஊத்துது பார், வாசலுக்குப் போறவன் தலைமுழுகித்தான் போகோணும்.

— வைக்கல் கூரைக்குப் பீலி வைக்கிறேல்லை. தண்ணி விளிம்பால நேர நிலத்தில விழும். சுவரை நனைக்கக் கூடாதெண்டுதான் கூரை இவ்வளவு தூரம் வெளியில நீட்டிக்கொண்டு நிக்குது. அந்தச் செங்குத்துச் சரிவும் அதுக்குத்தான், தண்ணி நிண்டு ஊறாமல் ஓடுறதுக்கு.

— அப்ப அந்த மேல் யன்னல்? நித்திரை தூங்குறவன்ர கண் மாதிரி.

— அதைக் கண்ட உடனை எனக்குப் பிடிபட்டிருக்கோணும்! தகரத்தை மூலை வைச்சு மடிக்கலாம். வைக்கலை மடிக்கேலாது, வளைக்கத்தான் ஏலும். அதாலதான் யன்னலுக்கு மேலை கூரை இமை மாதிரி வளைஞ்சு போகுது. தகரம் அடிச்ச மனுசன் பாவம், அந்த வளைவில எப்பிடித் துண்டு துண்டா வெட்டி ஒட்டியிருக்கிறான் பாருங்கோ. ஒழுக்கு அதில இல்லை, புகைபோக்கியடியில. தகரம் அதிலதான் விலகிக் கிடக்கு.

— புகைபோக்கியும் ஒரு கோயில் மணிக்கூண்டு மாதிரி.

— நெருப்புப்பொறி கூரையில விழக்கூடாதே. உயர்த்தித்தான் கட்டுவினம்.

— நீ எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் வைச்சிருக்கிறாய். இந்தச் சுவர் ஏன் இவ்வளவு தடிப்பு? உள்ளுக்க பொன்னோ?

— எனக்கும் சந்தேகம் ஒண்டு இருக்குது. உதில சுண்ணாம்பு கழண்டு கிடக்கு, விரலாலை சுரண்டுங்கோ.

— … ஜொய்சி. இது மண்.

— மண்தான்! மண்ணும் வைக்கலும் சின்னக் கல்லும். குழைச்சு, காலாலை மிதிச்சு, படை படையாய் ஏத்தினது. கீழை முழங்கால் உயரத்துக்குக் கல்லுக்கட்டு, அதுக்கு மேலை எல்லாம் மண். மூலையள் உருண்டு கிடக்கிறதும் அதாலதான், மண்சுவருக்குக் கூர் மூலை நிக்காது. அத்தான், இங்கிலாந்தின்ர தென்மேற்குப் பக்கத்தில பெரிய பண்ணை வீடுகளை இப்பிடித்தான் கட்டினவை. நூற்றாண்டுக் கணக்கா நிக்குது. நான் படிக்கேக்கை படத்தில பாத்தது. அது இஞ்சை, சேர்ச்சுக்குப் போற ரோட்டில நிண்டிருக்குது, எனக்குத் தெரியேல்லை.

— யேசுவே! மண்சுவர், வைக்கல் கூரை. இதையோ நான் வாங்கினனான்? பாக் எக்ஸ்டென்சன் பகுதியில வாடகை வீட்டுக்குள்ள கிடந்து, ரெஸ்ரோரண்டில கோழி வெட்டி வெட்டி, கடைசியில கனடாவில ஒரு மண்வீடு. சேர்ச்சில தெரிஞ்சுதெண்டால் என்ர பேரையே மாத்திப்போடுவாங்கள். மண்வீட்டுச் சவிரிமுத்து!

— ஏன் அத்தான், இது எவ்வளவு பெரிய—

— நீ ஓலைக்குக் கீழ படுக்கேல்லை பிள்ளை, உன்னைச் சின்னனில இஞ்சை கூட்டியந்திட்டம். நான் படுத்தனான். மாரி வந்தால் வீட்டில இருக்கிற சட்டி பானையெல்லாம் ஒழுக்குக்கு வைச்சுப்போட்டு, சமைக்கச் சட்டியில்லாமல் அம்மா நிண்டவ. அதில ஒரு அழகும் இல்லை. உங்களைப்போல படிச்சாக்கள்தான் அதைப் படம் எடுத்துச் சுவரில கொழுவுறது.

— சரி. உங்களுக்கு அழகாய்த் தெரிய வேண்டாம்.

— நல்லதாப் போச்சு ஒருவகையில. இனி உனக்கு எழுத லேசு. மண் சுவர், உக்கின வைக்கல், ஆக்கள் குடியிருக்க ஏலாது. முடிஞ்சுது.

— உக்கேல்லை. மூக்கை வைச்சுப் பாத்தன், புகைபோக்கியடியில ஒரு பாய் அகலத்துக்குத்தான் ஈரம். மற்றதெல்லாம் காய்ஞ்ச வாசம். சுவரில ஒரு வெடிப்பு இல்லை. நான் அப்பிடி எழுதமாட்டன்.

— எழுதமாட்டியோ?

— மாட்டன்.

— நீ என்ர மச்சாள்.

— மச்சாள்தான். அதுக்காகக் கண்ணாலை கண்டதை இல்லையெண்டு எழுதேலாது. வேற ஆளைப் பிடியுங்கோ. ஆனா சிற்றியில கேட்டால் நான் கண்டதைத்தான் சொல்லுவன்.

— அப்ப என்ர மூண்டு மாடி? கீழை நானும் கொக்காவும். நடுவில மகன் டனிஸ்ரனும் மருமகளும் பிள்ளையளும். மேலை என்ர தம்பி. பிளான் கீறி வைச்சாச்சு! அந்தப் பெடியன் லவாலில பெட்டி மாதிரி ஒரு ஃபிளாற்றுக்குள்ள இருக்கிறான், பேரப்பிள்ளையளை மாசத்துக்கொருக்காக் காணுறன். உனக்கு வைக்கல் கூரை பெரிசு. எனக்கு என்ர பிள்ளை பெரிசு.

— எனக்குத் தெரியாதே அத்தான்? ஆனா இந்த வீட்டை—

— நெருப்புப் பிடிச்சால்? இன்சூரன்ஸ் ஆர் தருவான் வைக்கலுக்கு?

— இறுக்கிக் கட்டின வைக்கல் லேசிலை பத்தாது, தடிச்ச புத்தகத்தை மூடினபடி கொளுத்துற மாதிரி. ஆனா பத்தினால் அணைக்கிறது கஸ்ரம், அதையும் சொல்லத்தான் வேணும். புகைபோக்கிக்குள்ள புதுக் குழாய் இறக்கோணும், வயர் எல்லாம் மாத்தோணும். இன்சூரன்ஸும் கஸ்ரப்பட்டுத்தான் தேடோணும். நான் உங்களுக்குப் பூசி மெழுகேல்லை.

— கஸ்ரம், கஸ்ரம், கஸ்ரம்! கேட்டியோ, நீயே சொல்லுறாய்!

— இஞ்சேருங்கோ! தேத்தண்ணி ஆறுது. ரெண்டு பேரும் உள்ளுக்கு வாங்கோ. வெளியில நிண்டு கத்தினால் கத்தரின் யன்னலைத் திறந்து பாப்பா.

— எந்தக் கத்தரின்?

— எதிர்வீட்டு மனுசி.

— அவவின்ர பேர் உனக்கு எப்பிடித் தெரியும் எலிசா?

— முதல் உள்ளுக்கு வாங்கோ. குனிஞ்சு, குனிஞ்சு. நிலை பதிஞ்சு கிடக்கு, போன முறையும் நெற்றியை இடிச்சனீங்கள். ஜொய்சி, சப்பாத்தைக் கழட்டு. இதில இருங்கோ.

— இதென்ன, அடுப்புக்குள்ளையோ இருக்கிறது?

— அக்கா சொல்லுறது சரி அத்தான். உது இருக்கிறதுக்கெண்டே கட்டின வாங்கு. பெரிய அடுப்பு, நடுவில விறகு எரியும், ரெண்டு பக்கமும் உள்ளுக்க ஆக்கள் இருந்து குளிர்காயுவினம். நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள் அக்கா?

— கண்டுபிடிக்கிறதுக்கு என்ன கிடக்கு. கால் நொந்துது, இருந்தன். நல்லாயிருந்துது. பின்னேரம் இந்த யன்னலுக்குள்ளால வெயில் வந்து சரியாய் மடியில விழும்.

— பின்னேரம் வெயில் விழும் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? நாங்கள் இஞ்சை வந்ததெல்லாம் காலமைதானே?

— நான் செவ்வாய்க்கிழமையளில வாறனான்.

— என்ன?

— நீங்கள் சங்கக் கூட்டத்துக்குப் போன பிறகு. இந்த வீட்டுத் திறப்பு எங்கட குசினி ஆணியிலதானே தொங்குது. பஸ்ஸிலை வந்து, கொஞ்ச நேரம் இருந்துபோட்டு, நீங்கள் வர முதல் போடுவன்.

— இதுக்குள்ள என்ன செய்யிறனி? ஒரு கதிரை இல்லை, ஒரு ரீவி இல்லை.

— நித்திரை கொள்ளுறனான்.

— அக்கா?

— உனக்குத் தெரியுந்தானே ஜொய்சி, ஆஸ்பத்திரியில இராவேலை செய்து செய்து என்ர நித்திரை போட்டுது. பென்சன் எடுத்தும் வரேல்லை. எங்கட வீட்டில மேல்மாடிக்காரன் நடந்தாலும் கேக்கும், கீழ்மாடிக்காரன் இருமினாலும் கேக்கும். இவர் வீட்டை வாங்கின உடனை, அப்பிடி என்னத்தை வாங்கியிருக்கிறாரெண்டு பாக்க ஒருநாள் வந்தன். உந்த வாங்கில சாய்ஞ்சன். எழும்பேக்கை யன்னல் இருண்டு கிடந்துது. அப்பிடி ஒரு நித்திரை எனக்கு வந்து எத்தினை வருசம்!

— நீ எனக்குச் சொல்லேல்லை.

— சொன்னால் விசர் எண்டுவியள். ஒருக்கா நல்ல மழை. தகரக் கூரையெண்டால் காது வெடிக்கோணுமே? ஒரு சத்தம் இல்லை. வெளியில பாத்தால்தான் மழையெண்டு தெரிஞ்சுது. உள்ளுக்க என்னவோ இருக்குதெண்டு அப்பவே நினைச்சன். வைக்கலெண்டு தெரியாது.

— பாத்தீங்களே அத்தான்! நான் ஏணியில ஏறிக் கண்டதை அக்கா படுத்துக்கொண்டு கண்டுபிடிச்சிட்டா.

— நீ பேசாமல் இரு. எலிசா, அந்தக் கத்தரின் என்னவாம்?

— நல்ல மனுசி. நான் தெரிஞ்ச பிரெஞ்சில கதைப்பன், அவவும் மெல்ல மெல்லக் கதைப்பா. இந்த வீட்டின்ர கதை அவவின்ர தாய் சொல்லுறவவாம். முதலாம் உலகச் சண்டை முடிய இங்கிலாந்திலயிருந்து ஒரு புருசன் பெண்சாதி வந்தவையாம். அந்த மனுசிக்கு இஞ்சத்தைய வீடுகள் பிடிக்கேல்லை. அப்ப அந்தாள் கேட்டானாம், உனக்கு எப்பிடி வீடு வேணும், சொல்லு எண்டு. அவ தான் பிறந்த வீட்டை அறை அறையாய்ச் சொல்லச் சொல்ல, ஆளை வைச்சு அப்பிடியே கட்டினவனாம்.

— ஆ… அதாலதான் நடை இல்லை. ஒரு அறைக்குள்ளாலதான் மற்ற அறைக்குப் போகோணும், படியும் புகைபோக்கியைச் சுத்தி வளைஞ்சு ஏறுது. பழைய வீட்டின்ர அமைப்பு அப்பிடியே.

— ஓம். கொஞ்ச வருசம் போகப் பனிக்குப் பயந்து ஆரோ தகரத்தைப் போட்டவையாம், ஆரெண்டு அவவுக்குத் தெரியாது.

— விசரன். ஒரு மனுசி சொன்னதுக்காக மண்ணாலை வீடு கட்டியிருக்கிறான்.

— விசரனோ? இஞ்சேருங்கோ, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து எத்தினை வீடு மாறினாங்கள்? ஒருக்கால், ஒரேயொருக்கால், எலிசா உனக்கு எப்பிடி வீடு வேணுமெண்டு என்னட்டைக் கேட்டனீங்களோ? குறையாய்ச் சொல்லேல்லை. நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனா கேக்கேல்லை. மூண்டு மாடியும் கீறி முடிச்சுத்தான் எனக்குக் காட்டினனீங்கள்.

— உனக்காகத்தானே கீறினது? பிள்ளையள் கிட்ட இருக்கோணுமெண்டு நீதானே அழுறனி?

— டனிஸ்ரன் வரமாட்டான். நத்தார்ப் பண்டிகைக்கு வந்து நிக்கேக்கை எனக்குச் சொன்னவன். மருமகளின்ர வேலை, பிள்ளையளின்ர பள்ளிக்கூடம், எல்லாம் லவாலில. அப்பாவுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் நிக்கிறான். நானும் சொல்லாமல் விட்டிட்டன், உங்கட முகத்தைப் பாத்துப்போட்டு.

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— அவன் வரமாட்டான் எண்டு. தம்பியும் ரொறொன்ரோவுக்கு மகளோடை போகப்போறான். ரெண்டும் தெரியும் எலிசா. வீடு எழும்பி, அறையளுக்குக் கதவும் போட்டாப்பிறகு இல்லையெண்டு சொல்ல மனம் வராது எண்டு நினைச்சன். அதுதான் கெதியாய் இடிக்கோணுமெண்டு நிண்டனான்.

— அத்தான், தேத்தண்ணியைக் குடியுங்கோ.

— குடிக்கிறன். நீ ஏன் அழுறாய்? வைக்கலுக்கு அழு, எனக்கு அழாதை.

— தூசி.

— தூசியாம். … எலிசா.

— ம்.

— இப்ப கேக்கிறன். பிந்தித்தான் கேக்கிறன். உனக்கு எப்பிடி வீடு வேணும்?

— என்ன திடீரெண்டு?

— சொல்லு. அந்த இங்கிலீசுக்காரிக்கு மட்டும்தான் வாய் இருக்கோ?

— எனக்கு நித்திரை வாற வீடு வேணும். உங்களுக்கும் அப்பிடித்தான், நீங்களும் இராவிலை உருளுறது எனக்குத் தெரியும். பேந்து, பிள்ளையள் வந்தால் ஓடித் திரிய ஒரு வளவு. பனிக்காலப் பள்ளி விடுமுறைக்கு டனிஸ்ரன் ஒருநாள் பிள்ளையளை என்னட்டை விட்டவன். இஞ்சைதான் கூட்டியந்தன். ஒரு அறைக்குள்ளால மற்ற அறைக்கு, படியால மேலை, திரும்பக் கீழை, பின்னேரம் மட்டும் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடினதுகள். பிள்ளையளைக் காரில ஏத்த வந்த டனிஸ்ரனும் சப்பாத்தோட உள்ளுக்க வந்து ஒளிச்சவன். குடியிருக்க வரமாட்டானாம். ஆனா இந்த வீடெண்டால் சனிக்கிழமையெல்லாம் வாறனெண்டான்.

— டனிஸ்ரன் ஒளிச்சவனோ? எங்கை?

— நீங்கள் இப்ப இருக்கிற இடத்தில.

— … அவனுக்கு என்ன வயசு, கோதாரி! புகைக்கரி முழுக்க உடுப்பில பிரண்டிருக்கும்.

— பிரண்டது. நான்தான் தோய்ச்சனான்.

— ஜொய்சி. இஞ்சை வா, அழுதது காணும். இந்த வீட்டை ஒரு வீடாக்க என்ன செய்யோணும்? பூசி மெழுகாமல் சொல்லு.

— ரெண்டு வழி இருக்கு. லேசானது, தகரத்தை அப்பிடியே விட்டிட்டு, புகைபோக்கியடியில விலகினதை மாத்தி, ஈர வைக்கலை எடுத்துப்போட்டுக் காய்ஞ்சதை அடைச்சு விடுறது. வயர், குழாய், சுவருக்குச் சுண்ணாம்பு. வெளியாலை பாக்கிறவைக்கு வழக்கமான தகர வீடு. உள்ளுக்க வைக்கலெண்டு சேர்ச்சில ஒரு சீவனுக்கும் தெரியவராது.

— மற்றது?

— மற்றது பெரிய வேலை. தகரத்தைக் கழட்டி, கீழை நல்லாயிருக்கிற வைக்கலைத் தொடாமல், மேல்படையை மட்டும் நாணலாலை புதுசாய் மேயிறது. கோடையிலதான் செய்யலாம், மேயத் தெரிஞ்ச ஆளையும் வெளியிலயிருந்து கூப்பிடோணும்.

— நாணலுக்கு எங்கை போறது, இங்கிலாந்துக்கோ?

— லவாலுக்குப் போற ஹைவே ஓரத்தில ஆளுயரத்துக்கு மண்ணிறமாய் நிக்குதே, குஞ்சம் வைச்ச புல்லு? அதுதான். அங்கை கூரை மேயிற அதே நாணல். இஞ்சை அது களை, எப்பிடி அழிக்கிறதெண்டு தெரியாமல் நிக்கினம். வெட்டிக்கொண்டு போறமெண்டால் வேண்டாமெண்டு சொல்லமாட்டினம்.

— நான் மாசாமாசம் அதுக்குள்ளாலதானே டனிஸ்ரன் வீட்டை போறனான்.

— எல்லாரும் போறதுதான். ஆனா அத்தான், உங்களுக்கு லேசான வழியே போதும். நான் கட்டாயப்படுத்தேல்லை.

— இவருக்கு நேரம் குடு ஜொய்சி. இடிக்காமல் விட்டாலே எனக்குப் பெரிசு. இஞ்சேருங்கோ, எங்கை போறியள்? ஆருக்கு ஃபோன் எடுக்கிறியள்?

— மெஷின்காரனுக்கு. பேசாமல் இருங்கோ ரெண்டு பேரும். … அல்லோ, பொஞ்சூர், முசியே ழில்? சவிரிமுத்து. ஓம், ஓம், அந்தப் பழைய வீட்டுக்காரன். வேலை சரி, முசியே. நீங்கள் வாங்கோ.

— அத்தான்!

— ஐயோ, இஞ்சேருங்கோ, என்ன சொல்லுறியள்?

— சத்தம் போடாதேங்கோ, எனக்கு அந்தாள் கதைக்கிறது விளங்கேல்லை! … நோ, நோ, முசியே, பெரிய மெஷின் வேண்டாம், சுவரிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. ஜூன் பிறக்க ஏணியோட பெடியளைக் கூட்டிக்கொண்டு வந்து, கூரையில கிடக்கிற தகரத்தை மட்டும் கழட்டுங்கோ. கீழை என்ன இருக்குதெண்டு ரோட்டால போற சனம் பாக்கட்டும்.